பைப்புக்கு நல்லது

போன மாதம் பஸ் பணிமனையில் வேலை பார்க்கிற பெண்கள் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் சங்கத்து மலரில் பழைய ஆட்களின் அனுபவங்களைப் போடுகிறார்களாம். வண்டிக்கு அடியில் சூடாகிற இரும்புக்குப் பூசுகிற பெயிண்ட் டப்பா ஒன்றைக் காட்டினார்கள். எத்தனை டிகிரி சூடு தாங்கும் என்று டப்பா மேலேயே எண் போட்டிருந்தது. "இதெல்லாம் இல்லாம நீங்க எதைப் பாத்தும்மா பெயிண்ட் எடுத்தீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். மூன்று பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அனுப்பியது அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாயால் வராததை எழுதிப் பார்க்கிறேன். மணவூர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகித்தான் திருத்தணிக்கு வந்தேன். அப்போது எங்கள் ஊர் ஆந்திராவில் இருந்தது. ஆபீஸ் பலகையெல்லாம் தெலுங்கில் இருக்கும். எனக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். தெலுங்கு பேச்சில் நைனா, பாவா, ரா, போ, இப்படிப் பத்து வார்த்தை தெரியும். என் வீட்டுக்காரர் ஏழுமலை ஒரு பஸ் கம்பெனியில் கிளீனர். நான்கு வண்டி ஓடின. ஒரு நாள் வண்டிக் கூரை மேல் வாழைத்தார் ஏற்றும்போது சறுக்கிக் கீழே விழுந்தார். வலது கை முழங்கையில் முறிந்தது. கட்டுப் போட்டுக் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. ஒரு பக்கெட் தண்ணீர்கூட அந்தக் கையால் தூக்க முடியாமல் போய்விட்டது.

முதலாளி அரக்கோணத்துக்காரர். கெட்டவர் இல்லை, கோபக்காரர். ஏழுமலை இடத்துக்கு நீ வந்து ஷெட்டைக் கூட்டு, கொடுக்கிறதை வாங்கிக்கொள் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார். பத்து ஆம்பளைகள் இருக்கிற இடத்தில் ஒரே பெண்ணாகப் போக வேண்டுமே என்று மூன்று நாள் போகாமல் இருந்தேன். நான்காம் நாள் அரிசி இல்லை. போனேன். அந்த வேலை போனால் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வழி கிடையாது என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். இனி நான் எழுதப்போகிறதை அதை மனசில் வைத்துப் படிக்க வேண்டும்.

எட்டு மாதம் கூட்டினேன், மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவினேன். அப்புறம் ஒரு நாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, உடம்பு சின்னதாக இருக்கிறாய், அடியில் நீ புகுந்தால் சுலபம் என்றார்.

மேஸ்திரி பேர் ராஜய்யா. நகரிக்காரர். ஐம்பது வயசு இருக்கும். வீட்டில் தெலுங்கு. எங்களிடம் தமிழ், அதுவும் எண்ணி எண்ணிப் பேசுவார். திட்டமாட்டார். வேலை சரியில்லை என்றால் பக்கத்தில் வந்து நின்று வெற்றிலை மெல்லுவார். ஒன்றும் சொல்லமாட்டார். நாமாகக் கண்டுபிடித்துத் திருத்துகிற வரைக்கும் மென்றுகொண்டே நிற்பார். அவர் மெல்லுகிற சத்தம் கேட்டாலே செய்ததையெல்லாம் முதலிலிருந்து பார்ப்பேன். நான்கு திட்டு திட்டிவிட்டுப் போனால் தேவலை என்று இருக்கும்.

முதல் நாள் வண்டிக்கு அடியில் போக எனக்குக் கால் வரவில்லை. ஜாக்கி சறுக்கினால் அப்படியே நசுங்கிப் போவோமே என்ற பயம். மேஸ்திரி நான்கு மூலையிலும் மரக்கட்டை அடுக்கினார். பிறகு தானே கோணிப்பை விரித்து அடியில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "போம்மா" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

வண்டியின் அடியில் எல்லா இரும்பும் ஒரே இரும்பு இல்லை. சேசிஸ், ஸ்பிரிங் பட்டை, மட்கார்டு உள்பக்கம் இதெல்லாம் சேறும் தண்ணீரும் படுகிற இடம். அதற்குத் தார் கலந்த பெயிண்ட். கெட்டியாக அப்பினாலும் பரவாயில்லை. ஆனால் இஞ்சினிலிருந்து புகை போகிற பைப்பும் சைலன்சரும் வேறு சாதி. அது அடுப்பு. அதன் மேல் தார் பட்டால் எரியும். செங்காவிப் பெயிண்ட் அடித்துவிட்டு மேலே நல்ல பெயிண்ட் அடித்தாலும் அடியில் இருப்பது பொரிந்து, மேலே இருப்பதையும் சேர்த்துக்கொண்டு உரிந்துவிடும். அதனால் பைப்புக்கு அடிப்பூச்சே கிடையாது. துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, மடிப்புகளை உடைந்த ரம்பப் பிளேடால் குடைந்து, உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். பெட்ரோல் நனைத்த துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு விரல் படக்கூடாது. விரலில் இருக்கிற வேர்வை பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. மெல்லிசாக ஒரு கை. காய்ந்த பிறகு இன்னொரு கை. மறுநாள் வண்டியை ஷெட்டிலேயே நிறுத்தி இஞ்சினை மெதுவாக ஓட்டி, பைப்பைச் சூடாக்கி ஆறவிட்டு, மறுபடி சூடாக்க வேண்டும். முதல் சூட்டில் கொஞ்சம் புகை வரும். அது ஷெட்டில் வந்து முடிந்துவிட வேண்டும். ரோட்டில் வரக்கூடாது.

ஏன் கூடாது என்பதை மேஸ்திரி எனக்கு ஒரு ஆளைக் காட்டிப் புரியவைத்தார். ரயில்வே கேட் பக்கத்தில் பீடிக்கடை வைத்திருந்தவர், இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். நான் வருவதற்கு முன்னால் ஒரு வண்டியில் யாரோ பைப்பில் தாரை அடித்துவிட்டார்கள். ஓடுகிற வண்டியில் பலகை இடுக்கு வழியாகப் புகை வந்திருக்கிறது. இவர் குதித்துவிட்டார். "அவரு நெருப்புல வேவல. பயத்துல குதிச்சாரு" என்றார் மேஸ்திரி. அந்தப் பீடிக்கடையைத் தாண்டும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

பெயிண்டைத் தேர்ந்தெடுப்பது மேஸ்திரியே செய்கிற வேலை. மதராஸிலிருந்து புது டப்பா வந்தால் கடைக்காரன் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். பழைய மட்கார்டுத் தகட்டிலிருந்து கையகலத் துண்டு வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டுக் கம்பி கோத்து வைத்திருப்பார். அதில் ஒரு பெயிண்டைப் பூசி ஒரு ராத்திரி காயவைப்பார். மறுநாள் பட்டை அடிக்கிற உலையில் கரியைச் சிவக்கவைத்து, தகட்டை அதன் மேல் தொங்கவிடுவார். ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற நேரம். எடுத்துத் தானாக ஆறவிடுவார். ஆணியால் கீறிப் பார்ப்பார். சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். மறுபடி சூடாக்கி, சூட்டோடு தண்ணீர் தெளிப்பார், மழைக்காலத்தில் ரோட்டுத் தண்ணீர் சூடான பைப்பில் அடிக்குமே, அதற்காக. கடைசியில் முகர்ந்து பார்ப்பார். "தாங்குது" என்பார், இல்லை "தாங்காது" என்பார். உடனே தகட்டைச் சுரண்டிக் கழுவி ஆணியில் மாட்டிவிடுவார். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நான் செய்த தப்பைச் சொல்லாமல் நிறுத்தினால் பாதிப் பதில் ஆகிவிடும்.

வழக்கமாகப் பைப்புக்கு எங்களிடம் இருந்தது வெள்ளிப் பெயிண்ட். பொடி தனியாக, எண்ணெய் தனியாக வரும், அடிக்கிற அன்று கலக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது அது தீர்ந்துபோனது. மதராஸ் கடையில் அதுவும் இல்லையாம். பதிலுக்கு இரண்டு டப்பா அனுப்பினார்கள். ஒன்று வெள்ளி. பளபளவென்ற டப்பா, மூடியில் படம், கலந்தே வந்திருந்தது. இன்னொன்று கருப்பு. நசுங்கிய டப்பா, மேலே காகிதம்கூட இல்லை. மேஸ்திரி இரண்டையும் தகட்டில் பூசிவைத்தார். உலையில் காட்டிய அன்று சாயங்காலம் நான் இல்லை. வீட்டுக்காரருக்குக் கை வீங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். மறுநாள் வந்தபோது தகடுகள் கழுவி மாட்டியிருந்தன. எது தாங்கியது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கே மேஸ்திரிக்கு நகரியிலிருந்து ஆள் வந்தது. அவர் அண்ணனுக்கு உடம்பு மோசம். இரண்டாம் நம்பர் வண்டி அப்போதுதான் பைப்பு சுரண்டி வைத்த நிலையில் நின்றது. கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால், பரணிக்கு முந்தின நாள் அது. மறுநாள் காலை அந்த வண்டி ரோட்டில் இருந்தாக வேண்டும், திருவிழாக் கூட்டம். மேஸ்திரி மேல்துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். நகரி வண்டி ஷெட் வாசலைத் தாண்டும்போது படியில் தொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கோயிந்தம்மா, பைப்புக்கு நல்லதி வெய்யி."

நான் "ஆங்" என்று தலையை ஆட்டினேன். வண்டி போய்விட்டது.

நல்லதை வை. என் காதில் விழுந்தது அதுதான். எது நல்லது? எப்போதும் பைப்புக்கு வெள்ளிதான். பளபளப்பான டப்பாவில் வந்திருப்பதும் வெள்ளிதான். பேர்கூட இல்லாத கருப்பு டப்பாவை யார் நல்லது என்று சொல்வார்கள்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மூடியைத் திறந்தபோது வாசனை வேறு மாதிரி இருந்தது. பழைய வெள்ளி மூக்கைச் சுடும். இது கதவுக்கு அடிக்கிற பெயிண்ட் மாதிரி எண்ணெய் வாசனை அடித்தது. பிரஷ்ஷை வைத்துவிட்டு நின்றேன். யாரையாவது கேட்கலாம். கேட்டால், மேஸ்திரி சொன்னபோது ஏன் தலையை ஆட்டினாய் என்பார்கள். வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து வெள்ளியையே அடித்தேன். இரண்டு கை. அழகாக வந்தது.

மறுநாள் இஞ்சினை ஓட்டிப் பைப்பைச் சூடாக்கிப் பார்க்க வேண்டுமே, அதற்கு நேரம் இல்லை. டிரைவர் காதர் பாய் விடியும்போதே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஷெட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம்தான். அங்கே நிறுத்தி, சாமி பார்த்துவிட்டு மலையிலிருந்து இறங்குகிறவர்களை ஏற்றி அரக்கோணம் போக வேண்டும். நான் ஷெட்டைக் கூட்டிவிட்டு, வீட்டுக்காரருக்குக் கஞ்சி வைக்க ஸ்டாண்டு வழியாக நடந்தேன்.

ஸ்டாண்டு ஓரத்தில் பாசிமணி விற்கிறவள் துணி விரித்து உட்கார்ந்திருந்தாள். கூட்டம் நெருக்கியதில் என்னால் நகர முடியவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு தெலுங்குக்கார அம்மா நல்லபூசலு கேட்டாள். எங்கள் தெருவில் தெலுங்குக்காரப் பெண்கள் தாலியோடு போட்டுக்கொள்கிற மணி அது. தாலியோடு போடுவதால் நல்ல மணி என்று பேர் வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மணிக்காரி அவசரத்தில் ஒரு சரத்தை எடுத்து நீட்டினாள். அந்த அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதி நீலம். நல்லதி இவ்வு."

மணிக்காரி கரிக்கட்டை மாதிரி கருப்பாக இருந்த சரத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

நல்லதி என்றால் கருப்பு. மேஸ்திரி அவசரத்தில் வீட்டுப் பேச்சில் சொல்லியிருக்கிறார். கருப்பை அடி என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் நம்பர் வண்டி இருபது அடி தள்ளி நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். முதலாளி கூட்டத்தை ஒழுங்கு பண்ணுவதற்கு அவரே வந்து நின்றிருந்தார். அவரிடம் போக எனக்குக் கால் வரவில்லை. சத்தமாகச் சொன்னால் ஏறியவர்கள் பயப்படுவார்கள். பயந்தால் குதிப்பார்கள். டிரைவர் பக்கம் போய்க் காதர் பாயிடம் பைப்பில் பெயிண்ட் தப்பு என்று சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். பாய் என் வாய் அசைவதைப் பார்த்து, அரக்கோணம் போக இடம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "அட ஏறு தங்கச்சி, இதுக்கு இன்னா தயக்கம், நம்ம வண்டி" என்றார். ஏழுமலை சம்சாரம், பொம்பளைங்க சீட்டில் இடம் கொடு என்று கண்டக்டருக்குக் கத்தினார். கண்டக்டர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டான். பின்னால் ஏறியவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு போய் உட்காரவைத்தார்கள். வண்டி கிளம்பிவிட்டது.

நான் உட்கார்ந்த சீட்டுக்கு நேர் கீழேதான் சைலன்சர். பலகைக்கு அந்தப் பக்கம் நேற்று நான் படுத்திருந்த இடம். எழுந்து கண்டக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறேன். ரயில்வே கேட்டைத் தாண்டினோம். பீடிக்கடை தெரிந்தது. அன்றைக்கு மட்டும் என்னால் வேறு பக்கம் பார்க்க முடியவில்லை. அவர் குனிந்து ஏதோ எடுத்துக்கொண்டிருந்தார். ஒருவேளை தாங்கிவிடும், ஒருவேளை தாங்கிவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்திலிருந்த கிழவி, சாமி பேர் சொல்கிறேன் என்று நினைத்து அவளும் முருகா முருகா என்றாள்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. முன் சீட்டில் ஒருத்தி, யாரோ வடை சுடுகிறார்கள் என்று சிரித்தாள். அப்புறம் வாசனை கசந்தது. என் கால் பக்கத்தில் பலகை இடுக்கு வழியாக நூல் மாதிரி புகை எழும்பியது. நான் புடவையால் அதை மூடப் பார்த்தேன். அந்தப் பைத்தியக்காரத்தனத்தையும் செய்தேன். புகை இன்னொரு இடுக்கில் வந்தது. பின்னாலிருந்து ஒருவன் நெருப்பு என்றான். வண்டி முழுக்க எழுந்துவிட்டது. என் பக்கத்துக் கிழவி எழ முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாசல் படியில் நின்றிருந்த ஆள் ஒரு காலை வெளியே போட்டுவிட்டான்.

நான் சீட்டு மேல் ஏறி நின்றேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது.

"நெருப்பு இல்லீங்க. பெயிண்ட்டு. சைலன்சருக்கு நான்தான் தப்பான பெயிண்ட்ட அடிச்சிட்டேன். அதான் எரிஞ்சி பொகையுது. யாரும் குதிக்காதீங்க."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு வண்டி ஆட்கள். தெலுங்குக்காரர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் இன்னும் வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உலை பக்கத்தில் மேஸ்திரி சொல்லிக் கேட்ட இரண்டு மூன்று வார்த்தை ஞாபகம் வந்தது. "மண்ட்ட லேது, ரங்கு, ரங்கு" என்று கத்தினேன். நெருப்பு இல்லை, பெயிண்ட், பெயிண்ட் என்று அர்த்தம். நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள், "பொம்பள அடிச்ச பெயிண்ட்டாய்யா? அதான் தாளிப்பு வாசன வருது" என்றார். நான்கு பேர் சிரித்துவிட்டார்கள். அந்த ஆள் எந்த ஊரோ, யாரோ. அவர் சொன்னது கேலிதான், ஆனால் அந்தச் சிரிப்பில்தான் தள்ளுவது நின்றது. கண்டக்டர் படியில் நின்றவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தான். காதர் பாய் வண்டியை அடித்து நிறுத்தாமல் மெதுவாக ஓரம் கட்டினார். குழந்தைகள், கிழவி, எல்லாரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நானும் பாயும் குனிந்து பார்த்தோம். நேற்று கண்ணாடி மாதிரி இருந்த வெள்ளி, பழுப்பாகி, அப்பளம் மாதிரி கொப்புளம் விட்டு உரிந்து தொங்கியது. அடியில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. யாரோ தண்ணீர்க் குடத்தோடு வந்தார்கள், சூட்டில் ஊற்றினால் பைப்பு விரிசல் விடும் என்று பாய் தடுத்துவிட்டார். எரிகிறது எரிந்து தீரட்டும் என்று நின்றோம். முதலாளியிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். பைப்பில் இஞ்சின் ஆயில் ஒழுகியது என்று தானே சொல்லிவிடுவதாகப் பாய் சொன்னார். பிறகு சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "அது எப்டி சொல்றது, நீதான் வண்டி பூரா சொல்லிட்டியே தங்கச்சி" என்றார்.

கிருத்திகை முடிந்த மறுநாள்தான் முதலாளி ஷெட்டுக்கு வந்தார். மேஸ்திரியும் அன்று காலைதான் நகரியிலிருந்து வந்திருந்தார். நடுவில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டது ஞாபகம் இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கோணல் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க என்னால் முடியாது.

முதலாளி மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். யார் சொல்லி அந்தப் பெயிண்டை அடித்தாய் என்று என்னைக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு, மேஸ்திரி நல்லதி போடச் சொன்னார் என்றேன். மணிக்காரி பக்கத்தில் என் காதில் விழுந்ததை அடுத்துச் சொல்ல வேண்டும், அதற்குள் அவர் மேஸ்திரி பக்கம் திரும்பிவிட்டார்.

"நீ இன்னாய்யா சொன்னே?"

"நல்லதின்னுதான் சொன்னேன்" என்றார் மேஸ்திரி.

இரண்டு பேர் வாயிலும் ஒரே வார்த்தை. முதலாளி அரக்கோணத்துக்காரர், யாரிடமும் தமிழில்தான் பேசுவார், தமிழில்தான் கேட்பார். மேஸ்திரியே குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று அவர் நினைத்தார். வெள்ளிதான் நல்லது என்று இந்தப் பொம்பளைக்குச் சொல்லிவிட்டுப் போனாயா, அறுபது உயிர் இருந்த வண்டியாயிற்றே என்று ஆரம்பித்தார். மேஸ்திரிக்கு எதற்குத் திட்டுகிறார் என்றே புரியவில்லை. கருப்பைத்தானே சொன்னேன், இவளும் கருப்பு என்றுதானே சொல்கிறாள் என்று அவர் நினைத்திருப்பார். எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லாதவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு நின்றார். "இத்தினி வருஷம் ஆச்சேன்னு பாக்கறேன். நாளையிலேர்ந்து நீ வரவேணாம்" என்றார் முதலாளி. மேஸ்திரி ஆணியில் மாட்டியிருந்த மேல்துண்டை எடுத்தார்.

என் வேலை தப்பித்தது. அந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் பொய் எழுதியதாகும். அரிசி, ஆஸ்பத்திரி, எல்லாம் தப்பித்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்.

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார்.

"மொதலாளி" என்றேன். "அவரு தெலுங்குல சொன்னாரு. நல்லதின்னா கருப்பு. நான்தான் தமிழ்ல கேட்டுகினேன்."

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி திரும்பி நின்றார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை, என் தப்பும்தான் என்று மேஸ்திரி சொன்னார். முதலாளி அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. புரியலன்னா கேட்கிறதுக்கு என்ன என்று என்னைக் கேட்டார்.

"அப்ப உன்னைத்தான்..." என்றார்.

வாசலில் பொதட்டூர்பேட்டை வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டர் ஓடிவந்து, பின் சக்கரத்தில் காற்று இறங்குகிறது என்றான். முதலாளி எழுந்து வெளியே போனார். மேஸ்திரி துண்டை மறுபடி ஆணியில் மாட்டினார். என்னைப் பார்க்காமல், பைப்பு சுரண்டணும் என்றார்.

கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இரண்டாம் நம்பர் வண்டிக்கு அடியில் போனேன். எரிந்த வெள்ளி கல் மாதிரி பிடித்திருந்தது. கண்ணில் தூள் விழுந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி நசுங்கிய கருப்பு டப்பாவை வண்டி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் தேய்த்து, துடைத்து, கருப்பில் ஒரு கை அடித்தேன். அது கருப்பு என்றும் சொல்ல முடியாது, அடுப்புக்கரியில் ஈயம் கலந்த மாதிரி ஒரு நிறம். அடித்துக்கொண்டிருக்கும்போது முதலாளியின் செருப்பு இரண்டும் வண்டி ஓரத்தில் வந்து நின்றன. நான் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச ஆரம்பித்துவிடுவார் என்று பயம். செருப்புகள் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு போய்விட்டன.

சாயங்காலம் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மறுநாள் காலை போனேன். வேலை இருந்தது. நாளைக்குச் சொல்வார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் சொல்லவில்லை. மேஸ்திரி ஏழு வருஷம் கழித்து நகரிக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு தகட்டில் பூசி உலையில் காட்டி, தாங்குது, தாங்காது என்று சொல்கிற வேலை எனக்கு வந்தது. கம்பெனி கை மாறியது. முதலாளி காலமானார். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அன்று அவர் ஆரம்பித்த பேச்சை யாரும் முடிக்கவே இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவார்களோ என்று தினமும் காலையில் வாசல் காவல்காரர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். முப்பத்தோரு வருஷம் அப்படியே போனேன்.